யாரும் 'வா' சொல்லக் கூடாது

தென்காசியில் செக்கடி வளவு என்று ஒரு வளவு இருக்கிறது, நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு அடிபம்பு, பம்பைச் சுற்றிச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், எல்லா வீட்டுக்கும் மேலே ஒரே தட்டட்டி, வெளியூர்க்காரர்கள் மொட்டைமாடி என்பார்களே அது, அந்தத் தட்டட்டியில் யார் எந்த மூலையில் வற்றல் காயப்போடுவது என்பதில் எந்தக் காலத்திலும் தீராத வழக்கு. அந்த வளவுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், செத்துப்போன ஒரு நட்சத்திரத்தின் மிச்சம் வந்து இறங்கியது. இறங்கியது என்றால் விழவில்லை, இடிக்கவில்லை, ஒரு பூந்தொட்டிகூட உடையவில்லை. முதல் தடவை ஒரு வீட்டுக்கு வருகிறவர் செருப்பை எங்கே கழற்றுவது என்று பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்கும் கொடிக்கயிற்றுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

துணி காயப்போட மேலே போன சண்முகவடிவுதான் முதலில் பார்த்தாள். பார்த்துவிட்டு வாளியை அங்கேயே வைத்துவிட்டு இறங்கி வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த மகளிடம், "ஏட்டி மொழி, உன்னத் தேடி யாரோ வந்திருக்காவ" என்றாள்.

மகளின் முழுப்பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர். பாஸ்போர்ட்டில் அதை அச்சடிக்க இடம் போதாமல் கடைசி எழுத்தை விட்டுவிட்டார்கள், வளவில் முதல் பாதியை விட்டுவிட்டு மொழி என்று கூப்பிட்டார்கள், ஆக மொத்தம் அவள் பெயரை முழுசாகச் சொன்னவர் யாருமில்லை. வெளியூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வானத்தைப் படிக்கிற வேலை, அம்மாவுக்கு மூட்டுவலி வந்ததிலிருந்து வீட்டிலிருந்தே வேலை. அவள் படித்தது மேலே வந்து உட்கார்ந்த இந்த ஒன்றைத்தான். சில ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்தது, ஆயுசு முழுக்க வயிற்றுக்குள் காய்ச்சி வைத்திருந்த ஆக்சிஜனை எல்லாம் ஒரே மூச்சில் வெளியே கொட்டிவிட்டுச் செத்தது, கொட்டியது இன்னும் விரிந்துகொண்டே போகிறது, வானத்துக் கணக்கில் பார்த்தால் அது நேற்றைக்கு நடந்த சாவு. ரொம்ப வருடம் முன்னால் விண்வெளியில் சுற்றுகிற ஒரு தொலைநோக்கி அதைப் படம் பிடித்திருந்தது. அதே தொலைநோக்கி அதே கண்ணால் மறுபடி ஒரு படம் பிடித்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு திட்டும் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்து, வந்த வழியே பின்னால் நடந்து போய், அந்த நட்சத்திரம் எங்கே நின்று எப்போது செத்தது என்று சொல்லிவிடலாம். அவ்வளவுதான் அவள் ஆசை. அந்தத் தொலைநோக்கியில் சில மணி நேரம் கேட்டு வருடா வருடம் எழுதிப் போட்டாள், வருடா வருடம் இல்லை என்றார்கள், இந்த வருடம்தான் சரி என்றார்கள். தொலைநோக்கிக்கும் வயசாகிவிட்டது. இந்தத் தடவை விட்டால் இன்னொரு தடவை கிடையாது.

சரி என்று பதில் வந்த அன்றைக்கு, மொழி பழைய படத்தைத் திரையில் பெரிசாக்கி வைத்துக்கொண்டு அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசினாள். மூட்டுக்கு எண்ணெய் தேய்த்தபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சண்முகவடிவு எந்த விருந்தாளிக்கும் சொல்வதைத்தான் சொன்னாள், ஒரு எட்டு நம்ம வீட்டுக்கும் வந்துட்டுப் போகச் சொல்லேன் என்று. மகள் சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்து, அம்மா வரச் சொல்லுதா என்றாள். சொன்னதற்கு வந்துவிட்டது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் எத்தனையோ பேரை வீடு தேடிப் போய்க் கூப்பிடுகிறோம், அத்தனை பேருமா வந்துவிடுகிறார்கள்? இது வந்துவிட்டது.

மொழி மேலே போய்ப் பார்த்தாள். ஓரம் முறுகிய ஆப்பம்போல நடுவில் தடித்து விளிம்பில் சல்லடை சல்லடையாக, ஒரு சின்னப் பந்தல் அளவுக்கு இருந்தது. பச்சையும் நீலமும் கலந்த நூல்கள், நூல்களில் அங்கங்கே திட்டுத் திட்டாக வெளிச்சம், பக்கத்தில் போனால் அடுப்பங்கரைச் சூடு. ஒவ்வொரு திட்டையும் அவளுக்குத் தெரியும், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டவளே அவள்தான். ஆனால் அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. இது இங்கே உட்கார்ந்திருக்கிறது என்றால் அங்கே இல்லை. தொலைநோக்கி அந்தப் பக்கம் திரும்புகிற நாளில் வெறும் இருட்டைத்தான் படம் பிடிக்கும்.

அதற்குள் வளவே மேலே வந்துவிட்டது. இது என்ன என்று கேட்டார்கள். மொழி, தமிழில் அறிவியல் எழுதுகிறவர்கள் பயன்படுத்துகிற சுத்தமான சொல்லைத் தேடிப் பிடித்து, இது ஒரு நட்சத்திரத்தின் எச்சம் என்றாள். அந்த ஒரு சொல் போதும் என்று ஆகிவிட்டது. எச்சம் என்றால் காக்கை போடுவது, புறா போடுவது. இவ்வளவு பெரிசாகப் போட்டிருக்கிறதே, நட்சத்திரம் என்ன சைசில் இருக்கும் என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே, தையல்கடை செண்பகம் கீழே போய் விளக்குமாறும் பினாயிலும் கொண்டுவந்துவிட்டாள். இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றியும் ஆயிற்று. மொழி குறுக்கே விழுந்து தடுத்து, எச்சம் என்றால் அந்த எச்சம் இல்லை, செத்ததற்குப் பிறகு மிச்சமிருப்பது என்று விளக்கினாள். அப்படிச் சொன்னதும் செண்பகம் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, ஐயோ இழவா, தீட்டு உண்டா என்று கேட்டாள். செத்து எத்தனை வருடம் ஆகிறது, அதன் சொந்தக்காரர்கள் யார், காரியமெல்லாம் முறையாக முடிந்ததா, வாசலில் கோலம் போடலாமா கூடாதா என்று சாயங்காலம்வரை பேச்சு ஓடியது. கடைசியில், செத்து ஆயிரக்கணக்கில் வருடம் ஆகிவிட்டதால் தீட்டு கழிந்துவிட்டது, வடிவு மயினி கூப்பிட்டு வந்ததால் இது விருந்தாளிதான் என்று முடிவானது. மொழி தலையில் அடித்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

விருந்தாளி என்று ஆனபிறகு அதை யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. வற்றலைக் காலையில் போட்டால் மதியம் எடுத்துவிடலாம் என்று தெரிந்ததும் அதன் நாலு பக்கத்தையும் நாலு வீட்டுக்காரர்கள் பிரித்துக்கொண்டார்கள், தீராத வழக்கில் இன்னொரு கிளை முளைத்தது. அது மூச்சு விட மூச்சு விட வளவு முழுக்க ஆக்சிஜன் இறங்கியது. தீக்குச்சி உரசினால் முழ நீளத்துக்கு எரிந்தது, ஊதுபத்தி சாமிக்குக் காட்டுவதற்குள் தீர்ந்தது, அரிசி உலையில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் வெந்தது, கத்தரிக்காயை நறுக்கினால் நறுக்கின கை எடுப்பதற்குள் கறுத்தது. இரும்பெல்லாம் துருப்பிடித்தது, சைக்கிள், வாளிக் கைப்பிடி, அடிபம்பு எல்லாம் ஒரே வாரத்தில் செங்கல் நிறம். எல்லாவற்றையும்விடக் கொடுமை, பம்படிச் சண்டை. முன்னாலெல்லாம் மூச்சு வாங்கியதும் இரண்டு பக்கமும் தானாக ஓய்ந்துவிடும், இப்போது யாருக்கும் மூச்சு வாங்குவதில்லை, காலையில் ஆரம்பித்தால் மதியம்வரைக்கும் செண்பகத்தின் குரல் ஒரே சுதியில் போய்க்கொண்டிருந்தது. மொழி காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள்.

இதில் ஒரே ஒருவருக்குத்தான் அது வெறும் வசதியாக இல்லாமல் உயிராக இருந்தது. கடைசி வீட்டு உச்சிமாகாளி அண்ணாச்சி. தென்காசிக்கும் சங்கரன்கோவிலுக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாயிற்று, பிள்ளை இல்லை. புகையும் புழுதியும் பீடியும் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டிருந்தன, வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் காத்துக்கொண்டிருப்பதுதான் அவர் வேலை. கண்டக்டராக இருந்த காலத்தில் அவருக்கு ஒரே பகை, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவர்கள். ஏறி வருகிறவன் உட்காரப் போனால், துண்டு கெடக்குல்லா, ஆள் வருது என்பார்கள். ஆள் வரும்போது வரட்டும் என்று சொல்லித் துண்டை எடுத்து ரோட்டில் எறிந்துவிடுவார். அவர் எறிந்த துண்டுகளைச் சேர்த்துத் தைத்தால் காசி விஸ்வநாதர் கோவில் கோபுரத்துக்கே சட்டை போடலாம் என்று ஊரில் கேலி உண்டு.

அந்த அண்ணாச்சி, எச்சம் வந்த மறுநாள் ஸ்டூலை விட்டு எழுந்தார். படி ஏறினார். யார் கையையும் பிடிக்காமல் தட்டட்டிக்கு வந்து, அதன் பக்கத்தில் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, இழுத்த மூச்சை விடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்து ருசி பார்த்து, பிறகு விட்டார். அதற்கடுத்த நாள் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய விசிலை எடுத்துவந்து, காலை டீ குடித்ததும் அதன் முன்னால் நின்று ஊதினார், பஸ் கிளம்புவதற்கு இரட்டை விசில், அப்புறம் நிற்பதற்கு ஒற்றை விசில். தினமும் ஊதினார். மொழி வெளிநாட்டுக்காரர்களோடு கம்ப்யூட்டரில் பேசுகிற நேரமும் சரியாக அதே நேரம். யார் அந்த விசில் என்று அவர்கள் கேட்க, பக்கத்து வீடு என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வெறுத்துப்போயிற்று.

அந்த வெளிநாட்டுக் குழுவுக்குத் தலைவி ஐரோப்பாவில் ஏதோ ஒரு குளிர் ஊரில் இருந்த ஒரு அம்மாள். நாள் நெருங்க நெருங்க அந்த அம்மாளிடமிருந்து தினம் ஒரு மின்னஞ்சல் வந்தது. பூமியின் தென்பாதியில் யாரோ ஒருவர் தன் வீட்டுத் தொலைநோக்கியில் பார்த்தாராம், அந்த இடத்தில் ஒன்றையும் காணோமாம், கண்ணாடியைத் துடைக்கத் தெரியாதவர்கள் எல்லாம் வானம் பார்க்க வந்துவிட்டார்கள் என்று கிண்டலடித்து எழுதியிருந்தாள். மொழி அதைப் படித்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அது எங்கள் தட்டட்டியில், செண்பகத்தின் கூழ்வற்றலுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று எந்த பாஷையில் எழுதுவது? எழுதினால் நம்புவார்களா, நம்பினால்தான் வேலையில் வைத்துக்கொள்வார்களா?

அதை அனுப்பி வைத்தே தீர வேண்டும் என்று அம்மாவிடம் சண்டை போட்டாள். வந்தவங்களைச் சும்மா அனுப்ப முடியாது என்று சண்முகவடிவு முறுக்குச் சுற்றினாள், வெற்றிலை பாக்கு வைத்தாள், குங்குமம் கொடுக்கப் போய் அது காற்றிலேயே பொரிந்து போயிற்று, பரவாயில்லை என்று முறுக்குப் பொட்டலத்தை அதன் ஓரமாக வைத்தாள். வளவே வரிசையாக நின்று வழியனுப்பியது. மெதுவாக எழும்பியது, கோபுரத்துக்கு மேலே போனது, மேகத்துக்குள் போனது, மறைந்தது. மொழிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு இலை போடும்போது அது திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

மறுநாளும் அனுப்பினார்கள், மறுநாளும் வந்தது. அப்போதுதான் மொழிக்கு உறைத்தது. வழியனுப்பும்போது இவர்கள் என்ன சொல்கிறார்கள்? போயிட்டு வாங்க. ஒருத்தர் விடாமல் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், போயிட்டு வாங்க, பாத்துப் போயிட்டு வாங்க, அடிக்கடி வாங்க. அதுவும் சொன்ன சொல் தட்டாமல் போயிட்டு வந்துகொண்டிருந்தது.

மொழி எல்லோரையும் முற்றத்தில் கூட்டி, இனிமேல் யாரும் வா என்று சொல்லக் கூடாது, போ என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள். வளவு அப்படியே உறைந்து போயிற்று. வீட்டுக்கு வந்தவங்களைப் போன்னு சொல்லுததாட்டி, அது என்ன நாயா பூனையா என்று அம்மா கேட்டாள். சரி, கிளம்பு என்று சொல்லலாம் என்றாள் மொழி. அது கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதைவிட மோசம் என்றாள் செண்பகம். நல்லபடியா ஊர் போய்ச் சேரு என்று சொல்லலாமே என்று மொழி கேட்க, போய்ச் சேருன்னு வாயைக் கழுவாமல் சொல்லுதியே, விளங்குமா என்று எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அதுதான் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தாயிற்றே, வெடித்துச் செத்துப் போய்ச் சேர்ந்ததன் மிச்சம்தானே அது என்று மொழி கத்தினாள். இருக்கட்டும், அதுக்காக நாம சொல்லலாமா என்றார்கள். இவர்களோடு பேசுவதற்கு அடிபம்போடு பேசலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

நீங்கள் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம், எல்லோரும் வீட்டுக்குள்ளேயே இருங்கள், நானே அனுப்பிக்கொள்கிறேன் என்று மறுநாள் தனியாக மேலே போனாள். கல் மாதிரி நின்று, போ என்ற ஒரே சொல்லை மனசுக்குள் ஐம்பது தடவை சொல்லிப் பார்த்தாள். அது அவளைப் பார்த்துக்கொண்டிருந்ததுபோல இருந்தது. படித்த காலமெல்லாம் இதோடுதான் இருந்தாள், கல்யாணப் பேச்சுகளைத் தள்ளிப் போட்டது இதற்காகத்தான், ஹாஸ்டலில் காய்ச்சலில் கிடந்தபோதும் கண்ணை மூடினால் இந்தத் திட்டுகள்தான் வரும். வாயைத் திறந்தாள். "போயிட்டு வா" என்றாள்.

சொன்னபிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. அது அன்றைக்குப் போன வேகமும் அதிகம், வந்த வேகமும் அதிகம். அவள் படி இறங்கி முடிக்கவில்லை, பின்னாலேயே வந்துவிட்டது. கீழே அம்மா ஒன்றுமே கேட்கவில்லை, காப்பியை மட்டும் நீட்டினாள். அந்தச் சும்மா இருப்பதில் இருந்த கேலியை மொழியால் பொறுக்க முடியவில்லை, காப்பியைக் குடிக்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாத்திய கதவுக்குப் பின்னால்தான் இன்னொன்று தோன்றியது. சாவு வீட்டில் யாரும் போயிட்டு வாரேன் என்று சொல்லிக்கொள்வதில்லை. தூக்கிப் போகிறவரையும் யாரும் போயிட்டு வாங்க என்பதில்லை. இதுவும் செத்ததுதானே, ஆக, யாரும் ஒன்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். இந்த யோசனை வளவுக்கும் பிடித்திருந்தது, சாவு முறை எல்லோருக்கும் தெரிந்த முறை. வாயை மூடிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். வெயில் ஏறியது, கால் வலித்தது, பாதிப்பேர் உட்கார்ந்துவிட்டார்கள். அது அசையவே இல்லை. விருந்தாளி, சொன்னால்தானே கிளம்பும்? சொன்னால் வா சேர்ந்துவிடுகிறது, சொல்லாவிட்டால் போகமாட்டேன் என்கிறது, தொலைநோக்கி திரும்புவதற்கு இன்னும் இரண்டே நாள் இருந்தது.

அடுத்த நாள் காலை குழுத் தலைவியோடு கடைசிப் பேச்சு. நடுவில் வழக்கம்போல விசில். மொழி கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று படியேறிப் போனாள். போனவள் கடைசிப் படியில் நின்றுவிட்டாள். அண்ணாச்சி இரட்டை விசில் கொடுத்தார், எச்சம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது. ஒற்றை விசில் கொடுத்தார், அடங்கி உட்கார்ந்தது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு ஊதுவார், அதனால் அவருக்கு இது தெரியாது. மொழிக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. விரட்டவும் செய்யாத, திரும்பக் கூப்பிடவும் செய்யாத ஒரு சொல் தமிழ்நாட்டில் இருக்கிறது, அதைக் கண்டக்டர்கள் நாள் முழுக்கச் சொல்கிறார்கள். ரைட்.

விளங்கிய கையோடு இன்னொன்றும் விளங்கியது, அதுதான் அவளைப் படியிலேயே உட்கார வைத்தது. அதை அனுப்ப, அது கேட்டுப் பழகிய இந்த மனுஷனின் மூச்சு வேண்டும். அது போனால் இந்த மனுஷனுக்கு மூச்சு இருக்காது. இப்படி ஒரு முடிச்சைப் போட்டவன் யாராக இருந்தாலும் அவன் மேல் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சுற்றி வளைக்க அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் போய், நடப்பது இது, நாளைக்குள் போகாவிட்டால் இது, நீங்கள் ஊதினால் போகும், போனால் உங்களுக்குப் பழைய கதைதான் என்று கடுகடுவென்று சொல்லி முடித்தாள். அண்ணாச்சி விசிலைத் துண்டின் நுனியால் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது அங்க இல்லன்னா உனக்கு என்ன தாயி போவும்?" என்று கேட்டார்.

"எப்ப செத்துதுன்னு யாருக்கும் தெரியாமப் போயிரும்."

"தெரிஞ்சா?"

அந்தக் கேள்விக்கு எழுதிப் போட்ட விண்ணப்பங்களில் எல்லாம் பக்கம் பக்கமாகப் பதில் எழுதியிருந்தாள். இப்போது வந்தது கோபம்தான்.

"தெரியணும் அண்ணாச்சி. வயித்துல இருந்ததப் பூரா எல்லாத்துக்கும் குடுத்துட்டுச் செத்திருக்கு. நீங்க விடுத மூச்சு, நான் விடுத மூச்சு, எல்லாமே இப்படி ஏதோ ஒண்ணு செத்துக் குடுத்ததுதான். அது எப்போன்னு கேக்கக்கூட ஒரு ஆள் வேண்டாமா?"

சொல்லி முடிக்கும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள், அழுவது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அண்ணாச்சி எச்சத்தின் பக்கம் திரும்பி ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார், விட்டார், இன்னொன்று இழுத்தார்.

"எல்லாரும் வாய மூடிட்டு இருப்பாவளா?"

"இருப்பாவ."

"செண்பகம்?"

"நான் பாத்துக்கிடுதேன்."

"அப்ப நாளைக்குக் காலைல டீ குடிச்சிட்டு" என்றார்.

மறுநாள் காலை அண்ணாச்சி பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார், பட்டன் போடாமல் தொங்கியது, தோளில் காவி நிறக் குற்றாலத் துண்டு. வளவு முழுக்கத் தட்டட்டியில் நின்றது. சண்முகவடிவு கைகூப்பிக்கொண்டு உதட்டைக் கடித்திருந்தாள். செண்பகம் முந்தானையைச் சுருட்டித் தானாகவே வாயில் வைத்துக்கொண்டிருந்தாள், அவள் வாழ்க்கையில் வளவுக்காகச் செய்த பெரிய தியாகம் அதுவாகத்தான் இருக்கும். அண்ணாச்சி அதற்கு ரொம்பப் பக்கத்தில் போய் நின்று, அவசரப்படாமல், சாப்பாட்டை ருசித்துச் சாப்பிடுகிறவர்போல நிறைய மூச்சுகள் எடுத்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. அப்புறம் விசிலை வாயில் வைத்தார். இரட்டை விசில், சங்கரன்கோவில் ரோட்டில் கேட்டிருந்தால் எதிரே வந்த லாரி ஒதுங்கியிருக்கும், அப்படி ஒரு விசில். பஸ்ஸின் பக்கத்தைத் தட்டுவதுபோலத் தண்ணீர்த் தொட்டியை இரண்டு தட்டுத் தட்டி, போலாம் ரைட் என்றார்.

அது எழும்பியது. சாண், முழம், ஆள் உயரம். தலைக்கு மேலே போகும்போது அண்ணாச்சி தோள்துண்டை எடுத்துச் சுழற்றி மேலே வீசினார். சந்தோஷத்தில் வீசுகிறார் என்று மொழி நினைத்தாள். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததில், மேலே போன துண்டு கீழே வரவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. எச்சம் கோபுரத்தைத் தாண்டியது, மேகத்தைத் தாண்டியது, மதியம் இலை போட்டபோது வரவில்லை, சாயங்காலம் விளக்கு வைத்தபோது தீக்குச்சி பழையபடி விரல் நுனி அளவுக்குத்தான் எரிந்தது. அண்ணாச்சி ஸ்டூலுக்குத் திரும்பிவிட்டிருந்தார்.

தொலைநோக்கி திரும்பியது, பார்த்தது, படம் வந்தது. அது இருந்தது. இருக்க வேண்டிய இடத்தில், இம்மி பிசகாமல், ஒவ்வொரு திட்டும் பழைய படத்தில் இருந்ததைவிட வெளியே தள்ளி இருந்தது. மொழி இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து அளந்தாள், வந்த வழியே பின்னால் நடந்தாள், நூல்கள் எல்லாம் ஒரே புள்ளியில் போய்க் கூடின. அது செத்த காலம் தெரிந்துவிட்டது. அம்மாவிடம் போய்ச் சொன்னாள். சண்முகவடிவு கணக்குப் போட்டுப் பார்த்து, அப்போ ஊர்ல கோவிலே கெட்டியிருக்க மாட்டாவ, பாவம், ஒரு விளக்குப் போடக்கூட ஆள் இருந்திருக்காது என்று சாமி படத்துக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு அகல் ஏற்றினாள்.

அன்றைக்கே குழுத் தலைவியிடமிருந்து மின்னஞ்சல். படம் அருமை, அளவுகள் அருமை, ஒரே ஒரு சந்தேகம். வடகிழக்குத் திட்டின் மேல் நீளவாக்கில் காவி நிறத்தில் ஒன்று படிந்திருக்கிறது, இரண்டு முனையிலும் நூல் நூலாகத் தொங்குகிறது, பழைய படத்தில் இல்லை, இது என்ன, படத்திலிருந்து அழித்துவிடலாமா? மொழி அந்த இடத்தைப் பெரிசாக்கினாள். இன்னும் பெரிசாக்கினாள். கரையில் நெய்திருந்த கட்டம் தெரிந்தது.

அவள் போட்ட சத்தத்தில் அடிபம்படியில் சண்டை நின்றது. விடுவிடுவென்று கடைசி வீட்டுக்குப் போய், ஏழு வருட உழைப்பு, உலகமே பார்க்கப் போகிற படம், அதன் நெற்றியில் உங்கள் அழுக்குத் துண்டு, என்ன நினைத்து இதைச் செய்தீர்கள், யாரும் ஒன்றும் பண்ணக் கூடாது என்று தலைதலையாக அடித்துக்கொண்டேனே என்று மூச்சு விடாமல் கத்தினாள். அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தார். பிறகு, தன் மூச்சு வரட்டும் என்று காத்திருந்தார்.

"நீ வான்னு சொல்லக் கூடாதுன்னுதான் சொன்ன" என்றார். ஒரு மூச்சு. "நான் சொல்லலயே."

"துண்ட எதுக்கு அண்ணாச்சி போட்டிய?"

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறி அடங்க நேரமாயிற்று.

"ஆயுசு பூரா அடுத்தவன் துண்ட எடுத்து எறிஞ்சவன் நான்." மறுபடி காத்திருந்தார். "நின்னுக்கிட்டே போயாச்சு. இனி ஒரு பயணம் பாக்கி இருக்கு. அதுலயாவது உக்காந்து போவண்டாமா? அங்கன மூச்சு நெறையக் கெடக்கு தாயி."

மொழி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டுவதற்கு இன்னும் நிறைய மிச்சம் இருந்தது.

"அவசரம் ஒண்ணுமில்ல" என்றார் அண்ணாச்சி. "துண்டு கெடக்குல்லா. எவனும் உக்கார மாட்டான்."

அவள் அவருடைய கூஜாவை எடுத்துப்போய்ப் பம்படியில் தண்ணீர் பிடித்து, ஸ்டூலுக்குப் பக்கத்தில் கை எட்டுகிற தூரத்தில் வைத்தாள். போயிட்டு வாரேன் அண்ணாச்சி என்று சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக, சண்டைக்குக் கூப்பிடுவதுபோலச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். தலையாட்டினால் போதாது என்று அங்கேயே நின்றாள். வா தாயி என்று அவர் வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் படி இறங்கினாள்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அந்த ஒரு திட்டை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாள், எடுத்தும் செத்த காலம் மாறவில்லை. படத்திலிருந்து அதை அழித்துவிடலாமா என்று தலைவி கேட்டிருந்த இடத்துக்கு வந்ததும், வேண்டாம், அதைத் தொடாதீர்கள் என்று எழுதினாள். காரணம் என்ன என்று அந்த அம்மாள் கட்டாயம் கேட்பாள், கேட்டால் இன்னும் பத்து மின்னஞ்சல் எழுத வேண்டிவரும், எரிச்சலாக வந்தது, அதனால் அதையும் இப்போதே எழுதிவிடுவோம் என்று, ஆங்கிலத்தில் அதற்கு என்ன சொல் என்று தெரியாமல், தமிழிலேயே அடித்து அனுப்பினாள்.

அங்கே ஆள் வருது.